ஒரு மரத்துக்கு இரண்டு விலை

அம்மா வீட்டுப் பின்கட்டில் நின்ற பெருங்கொன்றையை எடுத்துவிடுவது என்று முடிவானதும் இரண்டு பேரை அழைத்து விலை கேட்டேன். முதலில் வந்த மேஸ்திரி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அரிவாளின் பின்பக்கத்தால் அடிமரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "எட்டாயிரம் குடுங்க சார். விறகை நாங்களே ஏத்திக்கிறோம். காலையில ஆறு மணிக்கு வந்தா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள இடம் காலி" என்றார். இரண்டாவதாக வந்தவர் ஒன்றரை மணி நேரம் இருந்தார். படம் எடுத்தார், மதில் வரைக்கும் நாடா பிடித்து அளந்தார், மின்கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து இரண்டு பக்கத்தில் மதிப்பீடு வந்தது: 22,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

அம்மாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஒரே மரம், ஒரே நாலு ஆள், இதற்கு எதற்குப் பதினாலாயிரம் கூடுதல் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடி இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு கட்டிய ஆண்டு அப்பா நட்டது. நாற்பது அடி உயரம். சித்திரை, வைகாசியில் மஞ்சள் பூவைக் கொட்டிக் கொல்லையையே மூடிவிடும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது அதன் தென்பக்கப் பெருங்கிளை கவட்டையோடு கிழிந்தது. பெருங்கொன்றையும் மயில்கொன்றையும் காற்றுக்கு ஈடுகொடுக்காதவை என்பதை நகரம் அன்று ஆயிரக்கணக்கான மரங்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது. கிழிந்த இடத்தில் மழைநீர் தேங்கி உள்ளே அழுகல் இறங்கியது. இரண்டு மழைக்காலத்துக்கு முன் அடிமரத்தில் கெட்டியான தட்டுக் காளான்கள் முளைத்தன. அப்படிக் காளான் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வேரும் தூரும் நெடுநாளாக அழுகிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். மரம் சாய்ந்திருந்தது பக்கத்து வீட்டுத் தகரக் கூரையின் மேல். கிளைகளுக்கு நடுவே எங்கள் வீட்டுக்கு வரும் மின்கம்பி.

இப்போது எட்டாயிரம். மேஸ்திரியிடம் நேராகவே கேட்டேன், அவரும் ஒளிக்காமல் சொன்னார். நாலு ஆள் கூலி, ஆளுக்கு 1,200 என்றால் 4,800. வண்டி வாடகை 1,500. மெஷினுக்குப் பெட்ரோலும் ஆயிலும் 500. மீதி 1,200 ரூபாயும் விறகு விற்றால் வருவதும் அவருக்கு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிற ஒருவருக்கு இது குறைவான வரும்படிதான். ஆனால் எல்லாம் சரியாக நடந்து முடிகிற ஒரு நாளுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. கிளை தவறான பக்கம் விழுகிற நாளுக்கு இதில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. அந்த நாளுக்கான செலவு வேறு யார் தலையிலோ ஏற்கெனவே வைக்கப்பட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கொஞ்சம், எங்கள் தலையில் கொஞ்சம், மிச்சம் முழுக்க மரத்தின் மேலே நிற்கிறவர் தலையில்.

22,000 ரூபாய்க்காரரிடமும் கேட்டேன், இதில் காப்பீட்டுக்கு எவ்வளவு என்று. பெருந்தொகை ஒன்றைச் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். ஆண்டு பிரீமியத்தை வேலைகளுக்குப் பிரித்தால் இந்த மரத்தின் பங்குக்கு ஆயிரம்கூட வராது என்றார். அப்படியானால் மீதி? இரண்டு நாள் என்றார் அவர். நாலு ஆள், அரை நாள் அல்ல, இரண்டு முழு நாள். விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி நேரம். இந்த ஒரு விவரம்தான் என் பார்வையைத் திருப்பியது. நம்மில் பலர் காப்பீடு உள்ளவர்கள் அந்தக் காகிதத்துக்காகக் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று நினைக்கிறோம். காகிதத்தின் விலை சொற்பம். விழுந்தால் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிற நிலையில் இருப்பவர் மெதுவாக வெட்டுகிறார், அந்த மெதுவுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

அந்த இரண்டு நாளில் என்ன நடக்கும், அரை நாளில் என்ன நடக்கும்?

அரை நாள் வேலையில் ஒருவர் மெஷினை இடுப்பில் கட்டித் தொங்கவிட்டபடி ஏறுவார். பெரிய கிளைகளை அப்படியே அறுத்து விடுவார். கீழே இருவர் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து, விழுகிற திசையைக் கொஞ்சம் இழுத்துக் கொடுப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓரடிக் குறுக்களவும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கட்டை ஏறக்குறைய 120 கிலோ இருக்கும். எட்டு மீட்டர் உயரத்திலிருந்து அது விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். ஓடுகிற மோட்டார் சைக்கிளின் வேகம் அது. அதைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவர் நிறுத்திவிட முடியாது. கயிறு சட்டென்று இறுகும் நொடியில் அதன் மேல் வருகிற இழுப்பு கட்டையின் எடையைப்போலப் பல மடங்கு. தண்ணீர்த் தொட்டி ஏற்றுவதற்கும் லாரியில் சாமான் கட்டுவதற்கும் பயன்பட்டு வெயிலில் கிடந்து நைந்த நைலான் கயிறு அந்த நொடியில்தான் அறும்.

இரண்டு நாள் வேலையில் அதே கிளை நாலைந்து துண்டாக இறங்கும். மேலே கவட்டையில் ஒரு கப்பி. கயிறு அதன் வழியாக இறங்கி, அடிமரத்தில் கட்டிய உருளையில் மூன்று சுற்றுச் சுற்றிக் கீழிருப்பவர் கைக்கு வரும். எடையை உருளையின் உராய்வு தாங்கும், கை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தால் போதும். ஏறுகிறவர் இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருப்பார். தவறிப்போய் மெஷின் ஒரு கயிற்றில் பட்டாலும் இன்னொன்று பிடிக்கும். செயின்சாவின் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுவது. அலகின் நுனியின் மேல்பகுதி மரத்தில் இடித்தால் மெஷின் எகிறி முகத்துக்கு வரும். அதை இரண்டு கையாலும் பிடிப்பதுதான் முறை. கிளையை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறுகையால் அறுப்பது நம் ஊரில் தினமும் பார்க்கிற காட்சி. கட்டப்படாமல் நிற்கிறவருக்கு வேறு வழியில்லை, ஒரு கை மரத்துக்கு வேண்டும். அவரைப் பார்த்துத் துணிச்சல்காரர் என்கிறோம். பெல்ட் இருந்திருந்தால் அந்தத் துணிச்சலுக்குத் தேவையே இருந்திருக்காது.

மின்கம்பி விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள தூரம் இன்னும் அதிகம். மேஸ்திரி, "நாங்க பார்த்துக்கிறோம், மூங்கில்ல தூக்கிப் பிடிச்சுக்குவோம்" என்றார். மற்றவரின் மதிப்பீட்டில் முதல் வரியே, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து லைன் கிளியர் வாங்கிய பிறகுதான் ஆள் ஏறுவார் என்பது. பச்சைக் கிளையும் ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஒருவரை உதறித் தள்ளவே போதும். தரையில் உதறல் வாங்குவது ஒன்று, முப்பது அடி உயரத்தில் வாங்குவது வேறொன்று.

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். மரத்தைப் பற்றிய அறிவில் எட்டாயிர ரூபாய் மேஸ்திரி ஒரு படி மேல். அவர் தட்டிய இரண்டு தட்டில், "தரையிலேர்ந்து ரெண்டடி வரைக்கும் கூடு, அதுக்கு மேல கெட்டி. காத்து அடிக்கிற பக்கம் வேர் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டார். மற்றவர் ரப்பர்ச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் படம் வரைந்து வந்து சேர்ந்த முடிவும் அதேதான். மரத்தை அடியில் எப்படி அறுப்பது என்பதையும் மேஸ்திரி தெளிவாக விளக்கினார். விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை முதலில் எடுத்துவிட்டுப் பின்பக்கமிருந்து அறுத்து வருவார்கள். நடுவில் விரல் கனத்துக்கு அறுக்காமல் விடுகிற பட்டைதான் கதவுக் கீல்போல மரத்தைத் திசை மாறாமல் படுக்கவைக்கும். கூடு விழுந்த மரத்தில் அந்தக் கீல் நிற்காது, அதனால் இதை அடியில் அறுத்துச் சாய்க்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். ஆகவே இதைத் தேர்ந்தவருக்கும் தேராதவருக்கும் இடையிலான ஒப்பீடாக நான் வைக்கவில்லை. குறைந்த விலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வேலை தெரியாதவர்கள் என்று நினைப்பது நமக்கு வசதியான பொய். அவர்களுக்கு வேலை தெரியும். தெரிந்த வேலையைச் சரியாகச் செய்வதற்கான நேரத்தைத்தான் எட்டாயிரம் ரூபாய் தரவில்லை.

வர்தா கடந்த மறுவாரம் நாங்கள் குடியிருந்த தெருவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்திராவிட்டால் நானும் அம்மா பக்கம்தான் நின்றிருப்பேன். ஒரு வீட்டு மொட்டைமாடி மேல் வாகை மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. வெளியூரிலிருந்து வண்டியில் வந்த ஆட்கள் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். 3,000 ரூபாய்க்குப் பேச்சு முடிந்தது. ஏறியவருக்கு முப்பது வயது. காலில் செருப்பில்லை, இடுப்பில் கயிறில்லை. புயலில் சாய்ந்த மரத்தில் கிளைகள் ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி வில்போல வளைந்து நிற்கும். எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். வாசலில் நின்ற வீட்டுக்காரர் சீக்கிரம், சீக்கிரம் என்றார். அன்று எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் அவசரப்படுத்திக்கொண்டிருந்தோம். அடியில் இருந்த கிளையை அறுத்ததும் மேலிருந்தது விடுபட்டு அவரை அடித்தது. இருபது அடி கீழே மதில் மேல் விழுந்தார். முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அதன்பின் அசைவில்லை.

கூட்டி வந்தவரின் கைப்பேசி மாலைக்குள் அணைக்கப்பட்டுவிட்டது. வீட்டுக்காரர் 25,000 கொடுத்தார். தெருவில் வசூல் செய்ததில் 38,000 சேர்ந்தது. நானும் 500 ரூபாய் கொடுத்தேன். கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு தூங்கவும் தூங்கினேன்.

சட்டம் அவருக்கு என்ன கணக்குப் போட்டிருக்கும் என்பதைப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது. யார் யார் அதன்கீழ் வருவார்கள் என்ற அட்டவணையிலேயே பனை ஏறுவதும் மரம் வெட்டுவதும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லி முதலாளி தப்ப முடியாத சட்டம் அது. உழைக்கவே முடியாதபடி நிரந்தரமாக முடங்கினால், மாதக் கூலியில் 60 விழுக்காட்டை எடுத்து வயதுக்கேற்ற ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. கூலி எவ்வளவு இருந்தாலும் 2016இல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 8,000 ரூபாய். அப்படியே பெருக்கினால் 9,98,304 ரூபாய். மருத்துவச் செலவு தனி. உச்சவரம்பு 2020இல் 15,000 ஆனது, அதன்படி அதே வயதுக்கு 18,71,820 ரூபாய். அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. கணக்குப் போடும் முறை மாறவில்லை.

ஏறக்குறைய பத்து லட்சம் கிடைத்திருக்க வேண்டியவருக்கு 63,000 கிடைத்தது. கூட்டி வந்தவர் ஓடிவிட்டார் என்பது பாதிக் காரணம்தான். ஓடாமல் நின்றிருந்தாலும் 3,000 ரூபாய்க்கு வேலை எடுக்கிறவரிடம் பத்து லட்சம் எங்கிருந்து வரும்? 1923ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பை முதலாளி மேல் வைத்தது, அந்தப் பொறுப்பைத் தாங்கக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டனில் 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. அங்கே ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம். இங்கே அந்தக் கட்டாயம் இல்லாத இடத்தில் வேலை கொடுக்கிற நாம் கேட்பது ஒன்றுதான் மிச்சம்.

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். நானும் நினைத்தேன். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தருகிற 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் மரம் விழுந்து வீடு சேதமாவது சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது நம் வீட்டுக்கு ஆகிற சேதம். பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கும், தெருவில் நிற்கும் காருக்கும், மரத்திலிருந்து விழுகிற மனிதருக்கும் அதில் இடமில்லை. மூன்றாமவருக்கு ஆகும் சேதத்துக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு, ஏறுகிறவர்களுக்குப் பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு என்று இரண்டும் வெட்ட வருகிறவரிடம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்றைக் காட்டி இரண்டும் இருக்கிறது என்பவர்கள் உண்டு.

அம்மா வீட்டு முன்பக்கம் இரண்டு தென்னை நிற்கிறது. காய் பறிக்க வருகிறவரின் நிலைமை என்ன என்று விசாரித்தபோதுதான், உயரத்தில் வேலை செய்கிற இரண்டு தொழில்களுக்கு நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் என்று தெரிந்தது. தென்னை ஏறுகிறவர்களுக்கென்று தென்னை வளர்ச்சி வாரியம் 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டை நடத்துகிறது. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. மெஷின் வைத்து ஏறுவதற்குப் பயிற்சியும் அது தருகிறது. தமிழ்நாட்டில் பனைமரத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியமே உண்டு. தென்னையும் பனையும் விளைச்சல் தரும் மரங்கள், ஏற ஆள் கிடைக்காவிட்டால் தொழிலே நின்றுவிடும், அதனால் அவற்றில் ஏறுகிறவரை யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். நகரத்தில் மரம் வெட்டுகிறவர் விளைவிப்பது ஒன்றுமில்லை, இடத்தைக் காலி செய்து தருகிறார், அவ்வளவே. அவருக்கென்று யோசித்தவர்களை நான் பார்க்கவில்லை. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டுகிற பிரதமர் விபத்துக் காப்பீடு எல்லோருக்கும் உண்டு, 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். இறந்தால் இரண்டு லட்சம். மேலே போட்ட கணக்குக்குப் பக்கத்தில் அந்தத் தொகையை வைத்துப் பாருங்கள். அது இல்லாததற்கு இருப்பது மேல். மரம் வெட்டுகிற தொழிலுக்கு அது ஈடாகாது.

மேஸ்திரியிடம் இன்னொரு முறை பேசினேன். நீங்களும் காப்பீடு எடுத்து, ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டு வேலை செய்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "பதினாலு, பதினஞ்சு சொல்லணும் சார். சொன்னா பக்கத்துத் தெரு ஆளு எட்டுக்கு வந்து நிப்பான். நீங்க ஒருத்தர் கேக்குறீங்க. மத்தவங்க குறைச்சுக்க முடியுமான்னு மட்டும்தான் கேக்குறாங்க" என்றார். எட்டாயிரம் என்ற விலையை அவர் வைக்கவில்லை. நாம் வைத்தோம்.

22,000 எல்லோராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரிகிறது. முடியாத வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மரம் முழுவதையும் எடுக்காமல் ஆபத்தான கிளையை மட்டும் கழிக்கலாம், அந்தச் சின்ன வேலையை அவசரமில்லாமல் செய்யச் சொல்லலாம். சாலையோர மரம் என்றால் அதில் கைவைப்பதே குற்றம். அது அரசுடைய மரம், வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், கிளை கழிக்க மாநகராட்சியிடம்தான் போக வேண்டும்.

கடைசியில் அம்மாவைச் சம்மதிக்க வைத்து இரண்டாமவரையே வரச்சொன்னேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாலிசி நகலை வாங்கி வரி வரியாகப் படித்தேன். யார் பெயரில், எந்தத் தேதி வரை, எத்தனை பேருக்கு, என்ன வேலைக்கு. வேலை என்ற இடத்தில் தோட்டப் பராமரிப்பு என்று மட்டும் போட்டிருந்தால், மரத்திலிருந்து விழுந்தவருக்கு அந்த நிறுவனம் இழப்பீடு மறுக்க வழி இருக்கிறது. இதில் மரம் வெட்டுதல் என்று இருந்தது. ஆள் நாலு, பெயர்ப்பட்டியல் இணைத்திருந்தது. காலை ஏழரைக்கு வண்டி வந்தது. இறங்கியவர்கள் ஐந்து பேர்.

ஐந்தாவது ஆள் யார் என்று கேட்டேன். மேற்பார்வையாளர் கொஞ்சம் தயங்கி, "நம்ம பையன்தான் சார், கீழ நின்னு கிளை வாருவான், மேல ஏறமாட்டான்" என்றார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. கட்டை விழுவது கீழேதானே என்றேன். அவர் மறுக்கவில்லை. அந்த இளைஞரை வேலையில் இறங்க வேண்டாம் என்று சொல்லி அன்றைய கூலியைக் கையில் கொடுத்தேன், அதை அவர் விருப்பமில்லாமல்தான் வாங்கிக்கொண்டார். பெருங்கொன்றை துண்டு துண்டாக இறங்கி முடிந்தது மறுநாள் மாலை. முதல் நாள் சாயங்காலம் வரை அவர் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்ப அவருக்கும் அதே வண்டிதான்.